கரும்பலகையில் இருபத்துநான்கு

சாந்தோம்
9 ஜூலை 1944

அன்புள்ள தம்பி பிலிப்புக்கு,

மார்ச்சுக்குப் பிறகு நான் உனக்கு எழுதும் முதல் கடிதம் இது. ஏப்ரலில் உங்கள் துறைமுகத்தில் வெடி விபத்து என்று பத்திரிகையில் பார்த்துத் தந்தி அடித்தேன். ‘நலம்’ என்று ஒரே சொல்லில் பதில் அனுப்பினாய். அது போதும் என்று இருந்துவிட்டேன். பவுல்சாமியை வேலையை விட்டு நிறுத்தியதைப் பற்றி நாம் எழுதிக்கொண்டதை மறுபடி கிளற எனக்கு விருப்பமில்லை. ஆனால் இப்போது எழுத வேண்டியிருப்பதும் அந்தக் கரும்பலகையைப் பற்றித்தான்.

ஜனவரியில் நான் மேற்பார்வை பார்க்கும் ராயப்பேட்டைத் தையல் பட்டறைக்கு நீ வந்தபோது மெஷின் வரிசையைத்தான் அதிகம் பார்த்தாய். பின்கட்டில் பாயில் உட்கார்ந்து காஜா எடுக்கும் ஆறு பேரின் பெயரைப் பலகையில் எழுதி, எதிரே அன்றன்று முடித்த சட்டையின் எண்ணிக்கையைப் போடச் சொன்னாய். போட்டி இருந்தால் வேலை நடக்கும் என்றாய். நடந்தது. பிப்ரவரியில் ஷரஃபுதீன் பெயருக்கு எதிரே இருபத்துநான்கு. மற்ற நால்வர் பதின்மூன்று, பதினாலு. பவுல்சாமி பதினொன்று. ஒரு பட்டாளத்துச் சட்டைக்கு ஒன்பது காஜா. பொத்தான் நுழையும் ஒவ்வொரு துளையையும் சுற்றி நூலால் முடிச்சு முடிச்சாகக் கையாலேயே கட்ட வேண்டும். அதை நினைத்துக்கொண்டு இந்த எண்களைப் படி.

முதல் ஆள் செய்வதில் பாதியாவது செய்யாதவன் வேண்டாம் என்று முதலாளி ரகுபதி முதலியார் விதி போட்டார். பாதி பன்னிரண்டு. பவுல்சாமி போனார். அவர் மனைவி ஐரின் பூசையில் எனக்கு இரண்டு பெஞ்சு தள்ளி உட்காருகிறாள். எங்கள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர்தான்.

இப்போதைய சங்கதி: ஜூன் முதல் தேதியிலிருந்து சர்க்கார் துணி பட்டறைக்கு வெளியே போகக்கூடாது என்று பட்டாளத்து டிப்போவிலிருந்து உத்தரவு வந்துவிட்டது. அதுவரை காஜா ஆட்கள் மாலையில் ஒரு மூட்டை வீட்டுக்கு எடுத்துப்போய்க் காலையில் முடித்துக் கொண்டுவருவார்கள். அது நின்றதும் எல்லார் எண்ணிக்கையும் குறைந்தது. எதிர்பார்த்ததுதான், நால்வரும் ஒன்பது, பத்தில் நிற்கிறார்கள். ஷரஃபுதீன் மட்டும் எட்டு. இருபத்துநான்கிலிருந்து எட்டு.

வேண்டுமென்றே கையைக் கட்டிக்கொண்டிருக்கிறான், வேறு கம்பெனிக்காரன் வளைத்துவிட்டான் என்கிறார் முதலியார். செப்டம்பர் முப்பதுவரை பார்ப்பாராம். அதற்குள் பழைய எண்ணிக்கையில் பாதியாவது வரவில்லை என்றால் நற்சான்றுக் கடிதம் இல்லாமல் அனுப்பிவிடுவாராம். யுத்த காலத்தில் அது இல்லாமல் எந்தப் பட்டறையும் சேர்த்துக்கொள்ளாது. ஷரஃபுதீனுக்கு நாற்பத்தெட்டு வயது.

இன்னொரு பவுல்சாமி எனக்கு வேண்டாம். ஆளை வேலை செய்ய வைக்கும் விஞ்ஞானம் படித்தவன் நீ. என்ன செய்யலாம், சொல்.

அக்கா
டோரதி


பரேல், பம்பாய்
17 ஜூலை 1944

அன்புள்ள அக்காவுக்கு வணக்கம்.

உங்கள் கையெழுத்தை உறையின் மேல் பார்த்ததும் மில்லிலேயே நின்றுகொண்டு படித்தேன். ஒரு சொல் தந்தி தப்புதான். அப்போது மூன்று நாள் தூங்கவில்லை. வேறு சமாதானம் சொல்ல என்னிடம் இல்லை.

ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன். பலகை வேலையைக் கூட்டியது. ஆளை நீக்கியது முதலியாரின் விதி. இரண்டையும் ஒன்றாக்கி என் தலையில் வைப்பது நியாயமல்ல.

ஷரஃபுதீன் விஷயத்துக்கு வருகிறேன். திறமை உள்ள ஆள் திடீரென்று தளர்ந்தால் காரணம் கையில் இல்லை, மனதில் இருக்கிறது. சிகாகோ பக்கம் டெலிபோன் சாமான் செய்யும் தொழிற்சாலையில் வருஷக்கணக்காகச் சோதனை செய்தார்கள். விளக்கைக் கூட்டினால் வேலை கூடியது. குறைத்தாலும் கூடியது. கடைசியில் கண்டுபிடித்தது இதுதான்: தன்னை ஒருவர் கவனிக்கிறார், தன்னைப் பற்றி அக்கறைப்படுகிறார் என்று தெரிந்தாலே மனிதன் நன்றாக வேலை செய்கிறான்.

ஆகவே மூன்று காரியம் செய்யுங்கள். அவரை ஜன்னலோரம், வெளிச்சமான இடத்துக்கு மாற்றுங்கள். நடுவில் கால் மணி ஓய்வு கொடுங்கள். பிறகு தனியாகக் கூப்பிட்டுப் பேசவிடுங்கள். குறுக்கே பேசாதீர்கள், புத்தி சொல்லாதீர்கள். அவர் பேசுவதைக் கேட்டுக்கொண்டு மட்டும் இருங்கள். மனதில் அடைத்துக்கொண்டிருப்பது தானே வெளியே வரும்.

தம்பி
பிலிப்


சாந்தோம்
6 ஆகஸ்ட் 1944

அன்புள்ள தம்பி,

நீ சொன்னபடி செய்தேன். நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

திங்கட்கிழமை அவர் பாயை ஜன்னலோரம் போடச் சொன்னேன். கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டு எல்லாரும் கேட்கும்படி சொன்னார்: “இன்னா டீச்சரம்மா, என்னை வெயில்ல காயப் போட்டுட்டீங்க? நான் இன்னா கருவாடா?” பட்டறையே சிரித்தது. தையல் டீச்சராக இருந்ததை நான் விட்டு ஐந்து வருஷமாகிறது, இவர்களுக்கு நான் இன்னும் டீச்சரம்மாதான். அன்றும் மறுநாளும் பத்து. அந்த இரண்டு நாளும் ஆறு பாயிலிருந்தும் எல்லாரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். (பவுல்சாமி இடத்தில் புது ஆள்.) புதன்கிழமை மறுபடி எட்டு.

கால் மணி ஓய்வில் அவர் வெளியே போய் நின்றார். டிராமைப் பார்த்தார். வந்தார். எட்டு.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்ததும் என் மேஜைக்கு எதிரே உட்காரச் சொன்னேன். நான் பேசவில்லை. அவரும் பேசவில்லை. சுவர்க் கடிகாரத்தில் ஒன்பது நிமிஷம் போயிற்று. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, “நீங்க பேசுவீங்கன்னு நான் குந்திகினு கீறேன். நான் பேசுவேன்னு நீங்க குந்திகினு கீறீங்க. அங்க சட்டையை யாரும்மா முடிக்கிறது?” என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உன் விதியை மீறி, “வீட்டில் எல்லாரும் சௌக்கியமா?” என்று கேட்டேன். அதுவரை கேலியாக இருந்த முகம் அப்படியே மூடிக்கொண்டது. “வீட்டைப் பத்தி இன்னாத்துக்கும்மா? தப்பு இருந்தா சட்டையில காட்டுங்க” என்றார். சட்டையில் தப்பு இருந்தது. ஜூனுக்கு முன் அவர் பெயரில் வந்த காஜா பாசிமணி கோத்ததுபோல் இருக்கும். இப்போது வருவது குற்றம் சொல்லும்படி இல்லை, அவ்வளவுதான்.

மனிதர் சோம்பேறி இல்லை. காலையில் முதலில் வருகிறார், தலை நிமிராமல் வேலை செய்கிறார். விரல் நுனியெல்லாம் ஊசி குத்திய புள்ளி. கையைக் கட்டிக்கொண்டிருப்பவன் விரல் அப்படி இருக்காது. முதலியாரிடம் இதைச் சொன்னேன். “உங்களுக்கு எல்லாரும் நல்லவங்கதான். இருபத்துநாலு போட்டவன் எட்டு போட்றான்னா இன்னா அர்த்தம்? என்னை மடையன்னு நெனைக்கிறான்னு அர்த்தம்” என்றார்.

டோரதி


பரேல், பம்பாய்
14 ஆகஸ்ட் 1944

அன்புள்ள அக்காவுக்கு வணக்கம்.

மனம் தளர வேண்டாம். பத்து வந்தது என்பதே சோதனைக்கு வெற்றி. அதை நிலைக்கவைக்கத்தான் தெரியவில்லை.

இங்கே அமெரிக்கப் பட்டாள அதிகாரி ஒருவர் மில்லுக்கு வந்து போகிறார். அவர் நாட்டில் ஒரு பேராசிரியர் போன வருஷம் எழுதியதாக ஒரு கட்டுரையைக் காட்டினார். மனிதனின் தேவைகள் படிப்படியாக இருக்கின்றனவாம். முதல் படி பசி, உறக்கம். அது தீர்ந்தால்தான் பயமில்லாத வாழ்வு தேடுவான். அதற்கு மேல் உறவும் சிநேகமும். அதற்கு மேல் மதிப்பு. எல்லாவற்றுக்கும் மேலே, தன்னால் என்ன ஆக முடியுமோ அதுவாக ஆவது. கீழ்ப்படி ஆடினால் மேல்படியைக் காட்டி ஆளை ஏற்ற முடியாது.

நாம் நேராக நான்காம் படியில், மதிப்பில், ஆரம்பித்துவிட்டோம். பலகை, பெயர், முதலிடம். அவர் வீட்டில் அரிசி இருக்கிறதா? ரேஷன் ஒழுங்காகக் கிடைக்கிறதா? கீழே இருந்து ஒவ்வொரு படியாகப் பாருங்கள். நோன்பு மாதம் வேறு வருகிறது.

இன்னொரு செய்தி. அக்டோபர் ஏழாம் தேதி இங்கே தொழிலாளர் நல அதிகாரிகள் கூடுகிறார்கள். நான் கட்டுரை படிக்கிறேன். ராயப்பேட்டைப் பலகைதான் பொருள். ‘உழைப்பாளி ஷ.’ என்று ஷரஃபுதீனைக் குறிப்பிட்டு, பலகை வந்தபின் இருபத்துநான்கு தொட்டதை எழுதியிருக்கிறேன். சரிந்ததையும் மீண்டதையும் சேர்த்துப் படித்தால் கட்டுரை முழுமையாகும். சீக்கிரம் மீட்டுத் தாருங்கள்!

பிலிப்


(தபால் அட்டை)
பரேல், 4 செப்டம்பர் 1944

அக்கா, மூன்று வாரமாகக் கடிதம் இல்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே? முதல் படி பார்த்தீர்களா? கட்டுரையை இருபதாம் தேதிக்குள் அச்சுக்குக் கொடுக்க வேண்டும். பி.


சாந்தோம்
10 செப்டம்பர் 1944

அன்புள்ள தம்பி,

உடம்பு நலம். எழுதத் தெரியாமல்தான் எழுதவில்லை.

மார்ச்சில் அனுப்பிய சட்டைகளில் முப்பது, பொத்தான் உதிர்கிறது என்று டிப்போவிலிருந்து திரும்பி வந்தன. ஒவ்வொன்றிலும் காஜா எடுத்தவரின் எண் துணித்துண்டில் இருக்கும். நாலாம் எண் ஷரஃபுதீன். அவருடையது பதினொரு சட்டை. அவற்றை மேஜையில் விரித்து, இப்போது அவர் முடித்த ஒன்றைப் பக்கத்தில் வைத்தேன். பத்து வருஷம் பெண்பிள்ளைகளின் தையல் நோட்டுத் துணியைத் திருத்தியவள் நான். யார் யாருக்குத் தைத்துக் கொடுத்தாள் என்று பெயரைப் பார்க்காமலே சொல்வேன்.

பதினொரு சட்டையில் மூன்று கைகள் இருந்தன. எதுவும் அவர் கை இல்லை. அவற்றில் ஒன்று, ஆறு சட்டையில் இருந்த கை, இடக்கை. வலக்கைக்காரர் காஜாவைச் சுற்றி வரும் திசை ஒன்று, இடக்கைக்காரர் வரும் திசை அதற்கு எதிர். கடைசிக் கட்டு எதிர் முனையில் விழும். நான் சொன்ன பாசிமணி அந்தக் கைதான். ஷரஃபுதீன் வலக்கைக்காரர்.

பிறகுதான் பெருக்கிப் பார்த்தேன். பகலில் எட்டு போக, மூட்டையில் போனது பதினாறு சட்டை. நூற்று நாற்பத்துநான்கு காஜா. ஒரு மனிதன் மாலைக்கும் காலைக்கும் நடுவில் அதைச் செய்ய முடியுமா? ஐந்து மாதம் தினமும் பலகையில் நானே எண்ணை எழுதினேன். ஒரு நாளும் பெருக்கவில்லை.

போன ஞாயிறு மாலை, ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிக்கொண்டு ராயப்பேட்டை ஆஸ்பத்திரிக்குப் பின்னாலுள்ள சந்தில் அவர் வீட்டுக்குப் போனேன். உன் முதல் படியைப் பார்க்கப் போகிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். வாசலில் சாக்குத் திரை. அதற்கு அப்பால் எந்த முதலாளியும் எந்த நல அதிகாரியும் போக முடியாது. நான் போகலாம்.

அவர் மனைவி அமீனா பீ நோன்பு திறக்கக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தார். ஷரஃபுதீனின் தம்பி மனைவி வஜீஹா இருந்தாள். அவள் புருஷன் ரங்கூனில் இருந்தவன், ஜப்பான்காரன் வந்தபோது அங்கிருந்து நடந்து வந்தவர்களோடு வரவில்லை. பத்தொன்பது வயதில் மகள் ஜஹீதா. அரிசி இருந்தது. ரேஷன் கார்டு இருந்தது. கீழ்ப்படியில் ஆட்டம் ஒன்றும் இல்லை, பிலிப். அமீனா பீ கிழிந்த தலையணை உறை ஒன்றைத் தைக்க எடுத்து வைத்திருந்தார். ஊசியைத் தள்ளும் விரல்கூடு இடக்கையில் மாட்டியிருந்தது.

நான் அதைப் பார்த்ததை அவர் பார்த்தார். “எங்க மாமியா இருந்தவரைக்கும் இந்தக் கையில அடி விழும்மா. சோறு வலது கையில, ஊசி மட்டும் இதுல” என்றார். பிறகு தாழ்ந்த குரலில் கேட்டார்: “சட்டை எதுனா கெட்டுப் போச்சா? திருப்பி வந்துடுச்சா?”

“பொத்தான் உதிர்ந்துதான் திரும்பியது, உங்கள் காஜா கெடவில்லை” என்றேன்.

அவ்வளவுதான், மூவரும் ஒரே சமயத்தில் பேச ஆரம்பித்துவிட்டார்கள். ஷரஃபுதீன் இடம் குறித்துத் துளையை வெட்டிக் கொடுப்பாராம். முடிச்சு இவர்களுடையது. அவர் அடிப்படையில் மெஷின் தையல்காரர். காஜா கை அவருக்கு வரவே வராதாம். “எங்க நைனா ஒரு காஜா முடிக்கறதுக்குள்ள நான் மூணு முடிப்பேன்” என்றாள் ஜஹீதா. “ஏய், அப்பாவைச் சொல்லாதே” என்று அமீனா பீ அதட்டினார். ஆனால் சிரித்துக்கொண்டேதான்.

இனி நீ கவனமாகப் படிக்க வேண்டிய இடம். அமீனா பீ சொன்னார்: “போர்டு வெச்சப்புறம் தினம் வந்து சொல்வாரு டீச்சரம்மா. செருப்பைக் கழட்டறதுக்கு முந்தியே, ‘இன்னிக்கும் நீதான் முதல்’னுவாரு. நாங்க மறுநாளைக்கு ஒண்ணு சேத்துப் போடுவோம். அந்த போர்டை ஒருவாட்டி பாக்கணும்னு எனக்கு ஆசை.”

உன் பலகை வேலை செய்தது, தம்பி. அதைக் கண்ணால் பார்க்காத மூன்று பெண்களிடம்.

பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: “இப்போ எங்க கை இல்லாமயே பதினெட்டு போட்றாராமே? நெசமா?” அப்போது திரைக்கு வெளியே செருப்புச் சத்தம். பள்ளிவாசலிலிருந்து ஷரஃபுதீன் வந்து நின்றார். எல்லாம் அவர் காதில் விழுந்திருக்கும்.

“ஆமாம், பதினெட்டு” என்றேன். எண்ணிக்கையில் நான் சொன்ன முதல் பொய்.

சந்து முனைவரை கூட வந்தார். நோன்பு திறக்கப் பாங்கு சொல்லும் நேரம், ஆனாலும் வந்தார். “முதலாளிகிட்ட சொல்லாதீங்கம்மா. எங்க வீட்டுப் பொம்பளைங்க சோறு போட்டாங்க, நான் போர்டுல பேர் வாங்கினேன்னு ஊரே பேசும். வேலை போனா போவட்டும்” என்றார். இன்னும் இருபது நாள் இருக்கிறது.

கடைசியாக ஒன்று. வீட்டுக்கு மூட்டை எடுத்துப்போகாமல் வேலை செய்த ஒரே ஆள் பவுல்சாமி. அவருடைய பதினொன்று அவர் கையுடையது மட்டுமே. ஒரு மனிதனுக்கு ஒரு கை என்று எண்ணியிருந்தால் முதல் பெயர் அவருடையது. பட்டறையில் இருந்த முதல் ஆளைக் கடைசி என்று அனுப்பினோம். நாம் என்றுதான் எழுதுகிறேன். சுண்ணக்கட்டி என் கையில் இருந்தது.

டோரதி


பரேல், பம்பாய்
18 செப்டம்பர் 1944

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை நான்கு முறை படித்தேன்.

உண்மையை மறைக்கச் சொல்லவில்லை. ஆனால் அக்டோபர் ஏழுவரை பொறுக்க முடியாதா? கட்டுரை அச்சுக்குத் தயாராக இருக்கிறது. மில்களை நடத்தும் ஏஜெண்டுகள் ஆறு பேர் வருகிறார்கள். நான் இங்கே நிலைப்பதும் போவதும் அதில் இருக்கிறது. ஷரஃபுதீனே சொல்ல வேண்டாம் என்கிறார். அவர் மானத்தைக் காப்பாற்றியதாகவும் இருக்கும். ஒரு மாத அவகாசம் கேட்டால் முதலியார் உங்களுக்குத் தரமாட்டாரா?

இதை எழுதியபின் படித்துப் பார்க்கிறேன். நன்றாக இல்லை. ஆனாலும் அனுப்புகிறேன். நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

பிலிப்


சாந்தோம்
24 செப்டம்பர் 1944

பிலிப்,

முதலியார் அவகாசம் தரமாட்டார். கேட்டுப் பார்த்துவிட்டேன்.

பெருநாள் முடிந்த மறுநாள் ஷரஃபுதீன் ஒரு தூக்கில் சேமியாப் பாயசம் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். பக்கத்தில் மடித்த துணித்துண்டு ஒன்றையும் வைத்தார். “அவ குடுக்கச் சொன்னா. துணியை முதலாளிகிட்ட காட்டணுமாம். வேணாம்னு ராவெல்லாம் சொல்லிப் பாத்தேன். ‘உன் மானத்துக்கு நானா காவல்? என் கைக்கு ஒரு மானம் கீது’ன்றா. நான் தடுக்கல டீச்சரம்மா” என்றார். என் முகத்தைப் பார்க்காமல் பாய்க்குப் போய்விட்டார்.

துணியில் வரிசையாக ஒன்பது காஜா. ஒரு சட்டைக்கு வேண்டியது.

அதையும் மார்ச் மாதத்துச் சட்டை ஒன்றையும் எடுத்துக்கொண்டு தியாகராய நகரில் முதலியார் வீட்டுக்குப் போனேன். அவர் ஜன்னலோரம் கொண்டுபோய் விரலால் தடவிப் பார்த்தார். வியாபாரி, துணி தெரிந்தவர். “யார் கை இது?” என்றார். சொன்னேன். மறுபடி ஒருமுறை தடவிப் பார்த்தார். பிறகு, “அப்போ நான் நாலு பேருக்கு ஒரு சம்பளம் குடுத்துகினு இருந்தேனா? அந்த ஆளு என்னை ஏமாத்தலையா, நான்தான் அவங்களை ஏமாத்திகினு இருந்தேனா?” என்றார். முதலியாரிடம் இப்படி ஒரு கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. பவுல்சாமியைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளவும் சரி என்றார்.

உன் கட்டுரையில் ‘உழைப்பாளி ஷ.’ என்று ஒருவர் இல்லை. இனி என்ன படிப்பாய் என்பது உன் பொறுப்பு. நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை.

டோரதி


பரேல், பம்பாய்
9 அக்டோபர் 1944

அன்புள்ள அக்காவுக்கு வணக்கம்.

அச்சான கட்டுரையை ஓரமாக வைத்துவிட்டு, உங்கள் செப்டம்பர் பத்தாம் தேதிக் கடிதத்தை ஆங்கிலத்தில் சொன்னேன். பெயர்களும் ஊரும் இல்லாமல். இடக்கைக் காஜாவைச் சொல்லும்போது சிலர் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்கள். பெருக்கிப் பார்க்காததை உங்கள் தப்பாகச் சொல்லவில்லை, என் தப்பாகச் சொன்னேன். பலகையை வைத்துவிட்டு பம்பாய்க்கு ரயிலேறியவன் நான்தானே.

முடித்ததும் ஒரு மில் ஏஜெண்ட் எழுந்து, “ஆகவே உங்கள் சிபாரிசு என்ன?” என்று கேட்டார். சிபாரிசு எதுவும் இல்லை, பலகை என்ன செய்தது என்று பார்ப்பதற்கு முன்பே நான் ஊரைவிட்டு வந்துவிட்டேன் என்றேன். தேநீர் வேளையில் என்னோடு யாரும் பேசவில்லை. அந்த அமெரிக்க அதிகாரி மட்டும் வந்து, அந்த அம்மாள் போர்டைப் பார்த்தாரா என்று விசாரித்தார்.

மறுநாள் எங்கள் மில்லில் நூல் சுற்றும் பிரிவுக்குப் போனேன். போன வருஷம் அங்கேயும் பலகை வைத்தேன். அதனால் வேலையிழந்தவர் எத்தனை பேர் என்று முதன்முறையாகக் கேட்டேன். இரண்டு பெண்கள். எங்கே போனார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. பலகை இன்னும் தொங்குகிறது. எடுக்கும் அதிகாரம் எனக்கு இல்லை, எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

இத்துடன் பவுல்சாமி அண்ணனுக்கு ஒரு கடிதம் வைத்திருக்கிறேன். ஒட்டவில்லை. நீங்கள் படித்துவிட்டுக் கொடுங்கள். சரியில்லை என்றால் கொடுக்க வேண்டாம்.

தம்பி
பிலிப்


சாந்தோம்
22 அக்டோபர் 1944

அன்புள்ள தம்பி பிலிப்புக்கு,

பவுல்சாமிக்கு நீ எழுதியதைப் படிக்கவில்லை. ஒட்டிக் கொடுத்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் அவர் உரக்கப் படித்தது எனக்கும் கேட்டது. அதற்கு நான் பொறுப்பில்லை. சாயங்காலம் சுவர்மேல் தலை தெரிந்தது.

“உன் தம்பி என்னைத் திரும்ப வரச் சொல்றான். முதலியாரும் சரின்னாராம். வரலைன்னு எழுதிடு டோரதி. பள்ளிக்கூடத்துல மணி அடிக்கிறேன். எத்தனை அடிச்சேன்னு போர்டுல எவனும் எழுதறதில்லை.” தலை மறைந்தது. மறுபடி வந்தது. “பதினொண்ணு நல்ல நம்பர்தான்னு எழுதியிருக்கான். அது எனக்கு அப்பவே தெரியும்னு எழுது.”

ஐரின் இன்று பூசையில் எனக்கு அடுத்த பெஞ்சில் உட்கார்ந்தாள். பேச்சு இன்னும் இல்லை.

பட்டறையின் பின்பக்க அறைக்குச் சந்திலிருந்து தனி வாசல் இருக்கிறது. அதற்கு ஒரு திரை போட்டோம். அமீனா பீயும் ஜஹீதாவும் மூடிய ரிக்ஷாவில் வந்து போகிறார்கள். வஜீஹா வர மறுத்துவிட்டாள். புருஷன் திரும்பி வரும்போது வீட்டில் ஆள் இருக்க வேண்டுமாம். வேலைப் பதிவில் பெண்கள் பெயரை எழுத முதலியார் சம்மதிக்கவில்லை. முப்பத்தொன்று, முப்பத்திரண்டு என்று எண்தான். அதற்காக அவரோடு இன்னும் பேசிக்கொண்டிருக்கிறேன். சம்பளம் அவரவர் கையில் கொடுக்கப்படுகிறது.

ஷரஃபுதீன் இப்போது காஜா எடுப்பதில்லை. எல்லாச் சட்டைக்கும் அவரே இடம் குறித்து, துளை வெட்டிக் கொடுக்கிறார். அவர் வெட்டினால் ஓரம் பிரிவதில்லை என்று மற்றவர்கள் சொல்கிறார்கள். முதல் இரண்டு வாரம் யாரோடும் பேசவில்லை. போன வியாழக்கிழமை ஜன்னலோரத்துப் பாய்க்காரரைப் பார்த்து, “இன்னா நைனா, கருவாடு காயுதா?” என்றார். அன்றுதான் எனக்கு நிம்மதி.

பலகையைச் செப்டம்பர் கடைசியிலேயே இறக்கிவிட்டேன். பின்பக்க அறையில் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்திருந்தேன். அதை நான் மறந்தே போனேன்.

நேற்று அமீனா பீ, “இன்னும் காட்டலையே டீச்சரம்மா, அந்த போர்டு” என்றார். எடுத்துத் திருப்பினேன். கடைசி நாள் எழுதியது அப்படியே இருந்தது. எழுத்து அவருக்குப் படிக்க வராது. எண் வரும், சட்டை எண்ணிப் பழகியவர்.

“இதுல அவரு எது?”

நாலாவது வரியைக் காட்டினேன்.

அவர் வெகுநேரம் பார்த்தார். “இது எட்டு.”

“ஆமாம்.”

“நீங்களும் பதினெட்டுன்னீங்களே.”

திரைக்கு அந்தப் பக்கம் கத்தரிக்கோல் சத்தம் நின்றிருந்தது.

அமீனா பீ வாயைத் துப்பட்டாவால் பொத்திக்கொண்டு சிரித்தார். “பதினெட்டாம், பதினெட்டு! இருபத்தேழு வருசமா அந்த விரலைப் பாக்கிறேன், எனக்குத் தெரியாதா? ஆசையா சொல்றாரே, போவட்டும்னு சரின்னேன்” என்று ரகசியமாகச் சொன்னார். துப்பட்டா முனையை நாக்கில் தொட்டு எட்டைத் துடைத்தார். சுண்ணக்கட்டி கேட்டார். கொடுத்தேன். இடக்கையில் வாங்கி, அந்த இடத்தில் மெதுவாக ஒரு ஒன்றும் ஒரு எட்டும் போட்டார்.

பலகையை மறுபடி சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டு, “டீச்சரம்மா, பெரிய ஆளும்மா எங்க வீட்டுக்காரரு, தனியாவே பதினெட்டு!” என்று திரை தாண்டிக் கேட்கும்படி சொன்னார். கொஞ்ச நேரம் கழித்துக் கத்தரிக்கோல் சத்தம் மறுபடி ஆரம்பித்தது.

கிறிஸ்துமஸுக்கு வா. உன் அமெரிக்கரிடம் சொல், பார்த்துவிட்டார் என்று.

அக்கா
டோரதி